வளைவில் திரும்பும் எஞ்சினுக்குள் நீராவி எப்படித் திரும்பியது?

இலங்கை மலைநாட்டில் நாவலப்பிட்டியைத் தாண்டிப் பதுளை வரை செல்லும் இருப்புப்பாதையில் ஒரு புகையிரதம் தலை முதல் வால் வரை நேராக நிற்கக்கூடிய இடங்கள் குறைவு. கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, நானுஓயா என்று தேயிலை மலைகளின் இடுப்பைச் சுற்றிச் சுற்றியே பாதை ஏறுகிறது. கடைசிப் பெட்டியின் ஜன்னலோரம் இருப்பவர் தன் வண்டியின் எஞ்சினையே எதிர்ச்சரிவில் பார்த்துக்கொண்டு பயணம் செய்யலாம். மிகக் கடுமையான வளைவுகளின் ஆரம் ஏறத்தாழ 100 மீட்டர்தான். ஏற்றமோ 44க்கு 1: 44 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் மேலே போயிருப்போம்.

நடந்து ஏறுபவருக்கு அந்தச் சரிவு ஒரு பொருட்டே அல்ல. இரும்பின் மேல் இரும்பு உருளும் வண்டிக்கு அது மலை. 200 தொன் எடையுள்ள வண்டி அந்தச் சரிவில் நிற்கும்போதே சுமார் 4.5 தொன் விசையுடன் பின்னோக்கி இழுபடுகிறது. அதை வென்று ஏற வேண்டுமானால் தண்டவாளத்தைப் பற்றும் இயங்கு சக்கரங்கள் நிறைய வேண்டும். ஆறு சோடி இயங்கு சக்கரங்களை ஒரே விறைப்பான சட்டத்தில் வரிசையாகப் பொருத்தினால் எஞ்சின் 100 மீட்டர் வளைவில் திரும்பாது. தண்டவாளத்தைப் பிதுக்கும் அல்லது தடம் புரளும். ஆகவே சக்கரங்களை இரண்டு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரும்பும்படி விட வேண்டும். இதுதான் மூட்டு எஞ்சின்.

சக்கரத்தைப் பிரிக்கலாம், சட்டத்தைப் பிரிக்கலாம். கொதிகலனைப் பிரிக்க முடியாது. அது ஒரே நீளமான உருளை, வளையாதது. நீராவி பிறப்பது வளையாத அந்த உருளையில், வேலை செய்வது சக்கரங்களை இயக்கியபடி இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருக்கும் சிலிண்டர்களில். இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய் போயாக வேண்டும். அந்தக் குழாயை எங்கே வளைப்பது என்ற கேள்விக்கு வந்த விடைகள்தான், என் பார்வையில், மூட்டு எஞ்சின்களின் முழு வரலாறும். சக்கர அமைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் இந்தக் குழாயை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

அந்தக் குழாய்க்குள் இருப்பது எப்படிப்பட்ட பொருள் என்பதை முதலில் பார்ப்போம். கொதிகலனில் அழுத்தம் 12 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு) என்றால், நீர் கொதிப்பது 100 பாகையில் அன்று, ஏறத்தாழ 190 பாகை செல்சியஸில். அந்த ஆவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டர் இருந்தால் வெப்பநிலை 300 பாகையைத் தாண்டும். ரப்பர் குழாய் இங்கே ஒரு நிமிடமும் தாங்காது. இரும்பை இரும்போடு தேய்த்துப் பொருத்திய மூட்டுதான் வழி. அதில் 10 சதுர மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலே மணிக்கு 65 கிலோவுக்கு மேல் ஆவி வீணாக வெளியேறும். அவ்வளவு நீரைக் கொதிக்கவைத்த நிலக்கரியும், அதை வாரிப் போட்ட தீயாளின் உழைப்பும் காற்றில் போகும். இன்னொன்று: கசிவிடத்திலிருந்து சற்றுத் தள்ளி வெள்ளையாகத் தெரிவது ஆவி அன்று, குளிர்ந்து துளியான நீர். துளைக்கு மிக அருகே கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்தச் சிறிய இடைவெளியில்தான் கையைச் சுட்டுப் பொசுக்கும் உண்மையான நீராவி இருக்கிறது. நானுஓயாவின் குளிரில் வெள்ளைப் புகைபோல் அது விரிந்து, ஓட்டுநரின் பார்வையையும் மறைக்கும்.

ஸ்கொட்லாந்துக்காரரான ரொபர்ட் ஃபேர்லி 1864இல் காப்புரிமை பெற்ற எஞ்சினில் இரண்டு தொகுதிகளும் கொதிகலனுக்கு அடியில் திரும்பின. எனவே முழு அழுத்த ஆவி இரண்டு பக்கமும் அசையும் மூட்டுகளைக் கடக்க வேண்டியிருந்தது. எண்ணம் அருமையானது, அந்தக் காலத்து மூட்டுகளோ அதற்கு ஈடுகொடுக்கவில்லை. கசிவு ஃபேர்லி எஞ்சின்களின் தீராத நோயாக இருந்தது.

அதற்கு அனத்தோல் மலே என்ற சுவிஸ் பொறியாளர் 1884இல் காப்புரிமை பெற்ற விடை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அவர் மூட்டை வலுப்படுத்தப் போகவில்லை. மூட்டைக் கடக்கும் ஆவியை வலுவிழக்கச் செய்தார். பின்தொகுதியைக் கொதிகலனோடு அசையாமல் பிணைத்து, புது ஆவியை அதன் சிறிய சிலிண்டர்களுக்கு மட்டும் அனுப்பினார். அங்கே விரிந்து, பாதி வேலை முடித்து, அழுத்தம் வெகுவாகக் குறைந்த ஆவிதான் மூட்டைக் கடந்து, முன்னே திரும்பும் தொகுதியின் பெரிய சிலிண்டர்களுக்குப் போனது. ஒரே ஆவியை இரண்டு முறை வேலை வாங்கியதால் எரிபொருளும் மிச்சம், மூட்டுக்கும் சுமை குறைவு. முழு அழுத்த ஆவியை நம்பி அசையும் மூட்டு வழியே அனுப்பும் அளவுக்கு உலோகத் தொழில் முன்னேறிய பிறகே, 1941இல் அமெரிக்காவின் ‘பிக் போய்’ போன்ற எஞ்சின்கள் ஏறத்தாழ 21 பார் ஆவியை நான்கு சிலிண்டர்களுக்கும் நேரடியாகக் கொடுத்தன.

நம் மலைநாட்டுக்கு வந்தது மூன்றாவது விடை. ஹெர்பர்ட் கெராட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1907இல் காப்புரிமை கோரிய வடிவத்தில், கொதிகலன் ஒரு பாலம்போல் நடுவில் தொங்குகிறது. அதன் முன் முனையையும் பின் முனையையும் இரண்டு எஞ்சின் தொகுதிகள் தாங்குகின்றன. மான்செஸ்டரின் ‘பேயர் பீக்கொக்’ நிறுவனம் 1909இல் தஸ்மேனியாவுக்காக முதலாவதைக் கட்டியது. இலங்கை அரசாங்கப் புகையிரதப் பகுதி 1927இல் அகலப் பாதைக்கு ஒரு கெராட்டை வரவழைத்தது. 1945இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த எட்டு எஞ்சின்கள் வந்தன. ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று சோடி இயங்கு சக்கரங்கள், முன்னும் பின்னும் சிறு சக்கரங்கள்: மொத்தம் ஆறு சோடி சக்கரங்கள் மலையைப் பற்றின.

கெராட்டில் இரண்டு தொகுதிகளுமே திரும்புகின்றன. மலேயின் தந்திரம் இங்கே செல்லாது. பதிலாகக் கைகொடுத்தது வடிவகணிதம். ஒவ்வொரு தொகுதியும் கொதிகலன் சட்டத்தின் கீழ் ஒரு சுழல் மையத்தில் திரும்புகிறது. தொகுதிகளின் மையங்களுக்கு இடையே 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் ஆர வளைவில் ஒவ்வொரு தொகுதியும் கொதிகலனிலிருந்து சுமார் மூன்றரைப் பாகை விலகித் திரும்பும். குழாயின் மூட்டைச் சுழல் மையத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்தால், ஒவ்வொரு வளைவிலும் குழாய் முனை 6 சென்டிமீட்டர் பக்கவாட்டில் இழுபடும். அதையே 10 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால் நகர்வு 6 மில்லிமீட்டர்தான். சுழல் மையத்தின் நேர்மேலேயே வைத்துவிட்டால் இழுபடுவதே இல்லை. குழாய் தன் இடத்திலேயே வெறுமனே சுழலும். இழுபடும் மூட்டை அடைப்பது கடினம், சுழலும் மூட்டை அடைப்பது எளிது. ஆகவே கெராட்டை வரைந்தவர்கள் ஆவிக் குழாயின் மூட்டைச் சுழல் மையத்துக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோனார்கள்.

மூட்டு பந்து வடிவில் இருந்ததற்கும் காரணம் உண்டு. பாதை இடம் வலமாக மட்டும் திரும்புவதில்லை. வளைவில் வெளித் தண்டவாளம் உயர்த்தப்பட்டிருக்கும். நிலையத்தின் சமதளத்திலிருந்து ஏற்றம் தொடங்கும் இடத்தில் முன்தொகுதி மூக்கை உயர்த்தும், பின்தொகுதி இன்னும் சமதளத்தில் இருக்கும். கதவுக் கீல் போன்ற மூட்டு ஒரு திசையில் மட்டுமே திரும்பும். குழிந்த கிண்ணத்துக்குள் அரைத்துப் பொருத்திய பந்து எல்லாத் திசையிலும் திரும்பும்.

வெப்பம் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. சூப்பர்ஹீட்டரிலிருந்து வரும் ஆவி கொதிகலனின் முன்முனையிலுள்ள புகைப்பெட்டியிலிருந்து புறப்படுகிறது. முன்தொகுதி பக்கத்திலேயே இருக்கிறது. பின்தொகுதிக்குப் போகும் குழாயோ கொதிகலனின் முழு நீளத்தையும் கடந்து ஓட்டுநர் அறைக்கும் அப்பால் செல்ல வேண்டும். 10 மீட்டர் எஃகுக் குழாய் 25 பாகையிலிருந்து 325 பாகைக்குச் சூடானால் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் நீளும். இரு முனைகளையும் இறுகக் கட்டிவிட்டால் குழாய் வளையும் அல்லது விளிம்பு இணைப்புகள் பிளக்கும். எனவே ஒரு முனையைக் கட்டி, மறுமுனையில் குழாய்க்குள் குழாய் சறுக்கும் மூட்டு ஒன்றை வைத்து, அதைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் இறுக்கமான பாக்கிங் அடைத்தார்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் அந்தச் சறுக்கு மூட்டு வெளியே நீண்டிருக்கும். சூடானதும் உள்ளே போய்விடும். பாக்கிங் தேயத் தேய இறுக்குவதும் மாற்றுவதும் கொட்டகை ஊழியரின் ஓயாத வேலை.

குழாயின் அகலம் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மலையூற்றிலிருந்து லயத்துக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் இறக்கியவர்களுக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும்: குழாய் நீண்டால் பீலியில் விழும் நீர் மெலியும், குழாய் ஒடுங்கினால் இன்னும் மோசமாக மெலியும். நீராவிக்கும் அதே விதிதான். ஒரே அளவு ஆவியை அனுப்பும்போது அழுத்த இழப்பு குழாயின் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிராக மாறுகிறது. 15 சென்டிமீட்டர் குழாயை 10 ஆக்கினால் இழப்பு ஏழரை மடங்கு. பாதியாக்கினால் 32 மடங்கு. கொதிகலன் 12 பார் அழுத்தத்தை உருவாக்கியும் சிலிண்டரின் வாசலுக்கு 10தான் வந்து சேர்ந்தால், நடுவில் போனது ஓட்டுநரால் மீட்க முடியாத வலிமை. பிரெஞ்சுப் பொறியாளர் அந்திரே ஷாப்லோன் 1929இல் ஒரு பழைய எஞ்சினின் ஆவி வழிகளை அகலமாக்கி, அதோடு சூப்பர்ஹீட்டரையும் புகைபோக்கி அமைப்பையும் திருத்தியபோது அதன் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலானது. அது மூட்டு எஞ்சின் அன்று. ஆனாலும் ஆவி வழிக்குச் செய்யும் செலவு வீண்போகாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அதற்காகக் குழாயை எவ்வளவும் அகலமாக்கலாம் என்று சொல்லமாட்டேன். ஈரத் தண்டவாளத்தில் ஒரு தொகுதியின் சக்கரங்கள் வழுக்கினால் அவை வேகமாகச் சுழன்று ஆவியை வேகமாக விழுங்கும். ஆவியின் வேகம் இரட்டிப்பானால் குழாயின் இழப்பு நான்கு மடங்காகும். எனவே வழுக்கும் தொகுதிக்கு வரும் அழுத்தம் தானாகவே இறங்கி, வழுக்கல் அடங்க ஓரளவு உதவும். மிக அகன்ற குழாய் இந்தக் கட்டுப்பாட்டைப் பறித்துவிடும். ஆவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டரை மூடிய பிறகும் நீண்ட அகன்ற குழாயில் நிறைய ஆவி மிஞ்சியிருக்கும். கைப்பிடியை மூடியும் சக்கரம் சில சுற்றுகள் வலித்துக்கொண்டே இருக்கும். மழையும் பனியும் ஓயாத நானுஓயா, அம்பேவலைப் பக்கத்தில் இது சிறிய விடயம் அன்று.

நீண்ட குழாயின் மறைவான எதிரி குளிர்ந்த நீர். பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி ஒஹிய பக்கம் பாதை இறங்கத் தொடங்கியதும் ரெகுலேட்டர் மூடப்படும்; குழாய் குளிரும்; உள்ளே தங்கிய ஆவி நீராகும். பிறகு ரெகுலேட்டரைத் திறந்ததும் அந்த நீர் ஆவியோடு சிலிண்டருக்குள் பாயும். ஆவி அமுங்கும், நீர் அமுங்காது. பிஸ்டன் நீரை மூடியோடு வைத்து நசுக்கினால் சிலிண்டரின் மூடியே உடையலாம். ஆகவே குழாய்களுக்கு வெப்பக் காப்பு உறை சுற்றினார்கள். சிலிண்டர்களின் அடியில் வடிகால் திறப்புகளை வைத்தார்கள். குழாயில் நீர் தேங்கும் பள்ளம் இல்லாமல் சரிவு கொடுத்தார்கள். இந்தச் சரிவிலும் மலை குறுக்கிடுகிறது. 44க்கு 1 ஏற்றத்தில் 10 மீட்டர் நீள எஞ்சினின் ஒரு முனை மறுமுனையைவிட 23 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். உச்சியைத் தாண்டியதும் அது அப்படியே தலைகீழாகும். சமதளத்தில் வடியும் குழாய் ஏற்றத்தில் வடியாமல் போகலாம். மலைப்பாதைக்கான எஞ்சினின் குழாய்கள் இரு நிலைகளிலும் வடிய வேண்டும்.

வேலை முடித்த ஆவிக்கும் மூட்டு வேண்டும். அது புகைப்பெட்டிக்குள் இருக்கும் ஊதுகுழாய் வழியே மேலே பாய்ந்தால்தான் அடுப்புக்குக் காற்று இழுக்கப்படும். பின்தொகுதியின் கழிவாவியும் அதே நீண்ட தூரத்தைத் திரும்பக் கடந்து முன்னே வர வேண்டும். விரிந்துவிட்ட ஆவி இடம் அதிகம் கேட்பதால் அந்தக் குழாய் இன்னும் அகலம். அழுத்தம் குறைவு என்பதால் அதன் மூட்டு சற்று எளிது. பட்டிப்பொல உயரத்தில் காற்றழுத்தம் கொழும்பிலிருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கழிவாவி வெளியேற அது சிறிய உதவி. ஆனால் அதே மெலிந்த காற்றில் அடுப்புக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் குறைவு.

1950களில் கனடாவிலிருந்து வந்த டீசல்-மின் எஞ்சின்களிலும் சக்கரத் தொகுதிகள் இரண்டாகப் பிரிந்து தனித்தனியே திரும்புகின்றன. அங்கே மேல்தளத்திலிருந்து சக்கரத்து மோட்டாருக்கு ஆற்றலைக் கொண்டுபோவது செப்புக் கம்பி. அதைச் சற்றுத் தளர்வாகத் தொங்கவிட்டால் போதும். அது வளையும், கசியாது, வடிகாலும் கேட்காது.