புழக்கம்: ஐ.ஏ.டி.எல். என்பதற்குத் தமிழில் என்ன பெயர்?

என் பெரியம்மாவுக்கு அல்சைமர் நோய் தொடங்கியிருந்த நாட்களில், அவர் கட்டும் சேலையில் கொசுவம் ஒரு மடிப்புக்கூடப் பிசகாது. தலை வாரிப் பூ வைத்துக்கொண்டுதான் வாசலுக்கு வருவார். அதே மாதத்தில் பால்காரருக்கு இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறார். மூன்றாம் முறையும் எடுத்து நீட்டியபோது, பால்காரரே கூச்சப்பட்டு எங்களிடம் வந்து சொன்னார். பரிசோதனைக்குப் போன இடத்தில், “அன்றாட வேலைகளை அவரே செய்துகொள்கிறாரா?” என்று கேட்டார்கள். “குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது எல்லாம் அவரேதான்” என்றார் அண்ணன், சற்றுப் பெருமையாகவே. பால்காரர் கதை மருத்துவர் காதுக்குப் போகவில்லை. அதைக் கேட்டு வாங்க ஒரு சொல் தேவைப்பட்டது. மருத்துவ ஆங்கிலத்தில் அது இருக்கிறது: ஐ.ஏ.டி.எல்.

முதலில் அதற்குள் இருக்கும் ஏ.டி.எல். ‘ஆக்டிவிட்டீஸ் ஆஃப் டெய்லி லிவிங்’, அன்றாட வாழ்வின் செயல்கள் என்பதன் சுருக்கம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1963இல் வெளியிட்ட அளவுகோலால் நிலைபெற்ற பெயர். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் என்று ஆறு. இதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டாம். காலைக்கடன் என்று நாம் சொல்வதில் இருக்கும் ‘கடன்’ அதுதான். செய்தே ஆகவேண்டிய உடம்பின் காரியம். ‘அன்றாடக் கடன்’ என்று எழுதினால் தண்டல்காரர் நினைவு வந்துவிடும் என்பதால், உடற்கடன் என்கிறேன்.

சிக்கல் அடுத்ததில். 1969இல் பவல் லாட்டன், எலேன் பிராடி ஆகிய இருவரும் இன்னொரு பட்டியல் தந்தார்கள். தொலைபேசியில் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியே பயணம் போவது, மருந்தை வேளைக்கு எடுப்பது, பணத்தைக் கையாள்வது என எட்டு. இவற்றைக் குறிக்க ஏ.டி.எல். என்பதற்கு முன்னால் ‘இன்ஸ்ட்ருமென்டல்’ என்ற அடையைச் சேர்த்தார்கள். அதுதான் ஐ.ஏ.டி.எல். ஆயத்தப்படுத்து, அமைத்துக்கொடு என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். மூன்றாம் வேற்றுமையை ஆங்கில இலக்கணத்தார் இதே சொல்லால் குறிப்பதும், நாம் அதைக் கருவிப் பொருள் என்பதும் பழக்கம். ஆகவே ‘கருவிசார் செயல்கள்’ என்று பெயர்க்கக் கை தானாகப் போகும். போகவிடக் கூடாது. கேட்பவர் ஸ்பேனரையும் மிக்சியையும்தான் நினைப்பார்.

என் தேர்வு, புழக்கம். பணம் புழங்குகிறது, புழங்குகிற பாத்திரம், ஆள் புழக்கமில்லாத வீடு: இந்தத் தொடர்களைச் சேர்த்துப் பாருங்கள். பொருளோடும் பணத்தோடும் மனிதரோடும் நாள்தோறும் கைகலந்து இருப்பது புழக்கம். லாட்டனின் எட்டும் இதற்குள் அடங்கும். (புழக்கடையை இதோடு சேர்க்க ஆசைதான். ஆனால் அது புழைக்கடை. சிறு வாயில் எனப் பொருள்படும் ‘புழை’யிலிருந்து வந்தது.)

அல்சைமரின் தொடக்கத்தில் அடி விழுவது பெரும்பாலும் புழக்கத்தில்தான். உடற்கடன் பல ஆண்டுகள் ஊறிய பழக்கத்தில் ஓடுகிறது. பால் கணக்குக்கோ, நேற்றுக் கொடுத்தது நினைவிருக்க வேண்டும், இன்று என்ன தேதி என்று தெரிய வேண்டும், இரண்டையும் ஒட்டிப் பார்க்கவும் வேண்டும். பெரியம்மா டிக்காஷன் போடும்போது பில்டரில் தூள் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடியைத் திறந்து மறுபடி தூள் போட்டார். கை ஒவ்வொரு வேலையையும் பிசகாமல் செய்தது. எது முடிந்தது என்பதுதான் பிசகியது.

‘அன்றாட வாழ்க்கைத் திறன்கள்’ என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அது போதாதா? எனக்கு ஒரு தடை உண்டு. காட்ஸின் அளவுகோல் முடியுமா என்று கேட்பதில்லை. செய்கிறாரா என்றுதான் பார்க்கிறது. குளிக்க முடிந்தும் குளிக்க மறுப்பவர், அதன் கணக்கில் குளிக்காதவரே. திறன் என்பது உள்ளே இருப்பது. புழக்கம் வெளியே நடப்பது.

ஆண்கள் விஷயத்தில் இந்தச் சொல் இன்னும் நன்றாக வேலை செய்யும். லாட்டன் பட்டியலிலேயே ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துவைத்தல் ஆகிய மூன்றையும் கணக்கில் எடுக்காமல் விடும் வழக்கம் இருந்தது. வாழ்நாளில் வெந்நீர்கூட வைத்திராத தாத்தாவிடம் சமைக்கிறாரா என்று கேட்டு என்ன பயன்? ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியவர்களுக்காக ஓர் அளவுகோலை உருவாக்கி 1999இல் வெளியிட்டார்கள். அதில் காசோலையும் தொலைபேசியும் இல்லை. ஊருக்குள் வழி தவறுகிறாரா, சொல்லியனுப்பிய செய்தியைச் சேர்ப்பிக்கிறாரா, ஹோலியும் தீபாவளியும் நினைவிருக்கின்றனவா என்று குடும்பத்தாரைக் கேட்டார்கள். அந்த ஊரின் புழக்கம் அது.

நம் தாத்தாவுக்கானால், மின்கட்டணத்தைப் போன வருடம் யார் கட்டினார், இந்த வருடம் யார் கட்டுகிறார் என்று கேட்கலாம்.