/டெம்ப் கோப்புறையில் வைத்தது தட்டில் இருக்காது

இந்தப் புயல் பருவத்தில் ஒரே காரணத்துக்காக என்னிடம் வந்து சேர்ந்த மூன்றாவது வன்தட்டு இது. கோவில் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அதைத் துண்டில் சுற்றி மொரீஷியஸின் எபெனில் உள்ள என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். பழைய நன்கொடைப் பேரேடுகளையும் திருமணப் பதிவேடுகளையும் இளைஞர்கள் சிலர் வார இறுதிகளில் ஸ்கேன் செய்து சர்வரில் வைத்துவந்திருக்கிறார்கள். மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்த அன்று சர்வரை முறைப்படி அணைத்துவிட்டு எல்லாரும் வீடு திரும்பினார்கள். புயல் கடந்தபின் இயக்கிப் பார்த்தால் கோப்புகள் இல்லை. "தம்பி, நாங்கள் எதையும் அழிக்கவில்லை, தட்டுக்குள்தானே இருக்கும், எடுத்துக் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

அவை தட்டுக்குள் இல்லை. இதைச் சொல்வதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது, ஏனென்றால் கேட்பவர் யாரும் முதலில் நம்புவதில்லை. அவர்கள் கோப்புகளை வைத்திருந்தது தற்காலிகக் கோப்புகளுக்கான /டெம்ப் (/tmp) என்ற கோப்புறையில். அந்தச் சர்வரில் ஓடுவது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, கணினியைத் தொடக்கி அதன் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளின் 257ஆம் பதிப்போடு வருகிறது. அதில் /டெம்ப் கோப்புறை டெம்ப்எஃப்எஸ் என்னும் முறையில், கணினியின் நினைவகத்தில், அதாவது ரேமில் அமைகிறது. கோப்பு மேலாளரில் பார்த்தால் மற்றக் கோப்புறைகளைப் போன்ற அதே படம்தான் தெரியும். திறக்கலாம், சேமிக்கலாம், மறுநாள் வந்து மறுபடி திறக்கலாம். ஆனால் மின்சாரம் நின்ற கணத்தில் அங்கே இருந்தவை அனைத்தும் போய்விடும். மீட்பு மென்பொருள்கள் தட்டைத்தான் துழாவுகின்றன, தட்டில் எழுதப்படாத ஒன்றை அவை எங்கிருந்து எடுத்துத் தரும்? நினைவகம் போதாதபோது கைகொடுக்கத் தட்டில் ஒதுக்கும் ஸ்வாப் பகுதிக்குச் சில துண்டுகள் தள்ளப்பட்டிருக்கலாம் என்று தொழில்நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அந்தத் துண்டுகளை ஒட்டி ஒரு ஸ்கேன் படத்தை உருவாக்கியவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

"முன்பு இருந்ததே, சிஸ்டம்டி வந்து கெடுத்துவிட்டது" என்று சொல்பவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டெபியன் 12இல் /டெம்ப் தட்டில் இருந்தாலும், ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் அது காலி செய்யப்பட்டது. சர்வர் மாதக்கணக்கில் அணையாமல் ஓடிக்கொண்டிருந்ததால் எவருக்கும் அது தெரியவரவில்லை, அவ்வளவுதான். ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளம் 2013இல் வெளிவந்த 18ஆம் பதிப்பிலேயே /டெம்ப் கோப்புறையை நினைவகத்துக்கு மாற்றிவிட்டது. தற்காலிகம் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கும் இடத்தை நிரந்தர இடமாகப் பயன்படுத்தியது நாம்தான். யார் வேண்டுமானாலும் அங்கே எழுதலாம், அனுமதி கேட்க வேண்டாம், ஆகவே பலர் சேர்ந்து வேலை செய்ய வசதியாக இருந்தது. அந்த வசதிக்காக அதை அலமாரியாக்கிவிட்டோம்.

கோவில் சர்வரின் கதையில் ஒரு நல்ல பகுதியும் உண்டு. டெபியன் 12இலிருந்து 13க்கு மாற்றும்போது, மாற்றத்துக்குப் பிந்தைய முதல் மறுதொடக்கத்தில் புதிய நினைவகப் பகுதி பழைய /டெம்ப்பின் மேல் போர்வைபோல் விரிகிறது. அப்போது தட்டில் இருந்த பழைய கோப்புகள் அழிவதில்லை, மறைகின்றன. அவை காணாமல் போனதை ஓர் இளைஞர் அன்றே கவனித்திருக்கிறார், வேறு யாரோ இடம் மாற்றியிருப்பார்கள் என்று விட்டுவிட்டார். தட்டை என் கணினியில் இணைத்தவுடன் அவை அப்படியே தெரிந்தன. மஞ்சள் கறை படிந்த ஓரங்களும், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதிய தமிழ்ப் பெயர்களும் கொண்ட இரண்டு பேரேடுகள் முழுமையாகக் கிடைத்தன. 13க்கு மாற்றிய பிறகு ஸ்கேன் செய்த திருமணப் பதிவேடு மட்டும் கிடைக்கவில்லை. ஏட்டை இரவல் கொடுத்த குடும்பம் அதைத் திரும்பப் பெற்று ரீயூனியனுக்குக் கொண்டுபோய்விட்டது.

சரி, இன்னொரு தற்காலிக இடமான /வார்/டெம்ப் கோப்புறையில் வைத்தால் போதுமே என்று அடுத்த கேள்வி வருகிறது. போதாது. அது தட்டில் இருப்பது உண்மை, மறுதொடக்கத்தையும் தாங்கும். ஆனால் புதிதாக நிறுவிய டெபியன் 13இல் முப்பது நாள் தொடப்படாத கோப்புகளை அங்கிருந்து சிஸ்டம்டி தானாக நீக்குகிறது. /டெம்ப்பில் பத்து நாள்தான். இதற்கான வேலை நாள்தோறும் ஒருமுறை ஓடுகிறது, யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

இன்னொரு வேண்டுகோள், கட்டளைகளைத் தாமே இயக்கிப் பார்ப்பவர்களுக்கு. இந்தத் துப்புரவைச் செய்யும் சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ் என்ற கருவி, பெயருக்கு மாறாக, தற்காலிகமல்லாத பல கோப்புறைகளையும் உருவாக்கிப் பராமரிக்கிறது. 2024 ஜூனில் வந்த 256ஆம் பதிப்பில் இதற்குப் பர்ஜ் என்ற தெரிவைச் சேர்த்தார்கள். அதைக் குப்பை அகற்றும் கட்டளை என்று நம்பி இயக்கியவரின் சொந்தக் கோப்புகள் இருந்த /ஹோம் கோப்புறையே அழிந்தது, ஏனெனில் /ஹோமும் அக்கருவியின் பட்டியலில் இருந்தது. எந்த அமைப்புக் கோப்புக்கு உரியவற்றை நீக்க வேண்டும் என்று குறிப்பிடாவிட்டால் இயங்காதபடி 256.1இல் திருத்தினார்கள். கையேட்டைப் படிக்காமல், பெயரை மட்டும் நம்பி, நிர்வாகி உரிமையோடு எந்தக் கட்டளையையும் இயக்காதீர்கள்.

புயலுக்காகக் கணினியை அணைக்கும் முன் /டெம்ப்பைத் திறந்து பாருங்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்வரை எல்லாம் அங்கே இருக்கும். நகலெடுக்க அதுதான் கடைசி வாய்ப்பு. ஸ்கேனர் மென்பொருள் எங்கே சேமிக்கிறது என்று இன்றே பாருங்கள். மேம்படுத்தலுக்குப் பின் கோப்புகள் மறைந்திருந்தால் பதறி எதையும் நிறுவாதீர்கள். வேர் அடைவை, அதாவது எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலான கோப்புறையை, பைண்ட் மவுண்ட் என்ற முறையில் வேறோர் இடத்திலும் தெரியும்படி இணைத்தால் போர்வைக்கு அடியில் இருப்பவை தெரியும். பெரிய படங்களையும் காணொளிகளையும் /டெம்ப்பில் குவிக்காதீர்கள். அது நினைவகத்தில் பாதிவரை விழுங்கக்கூடும். /டெம்ப்பை நினைவகத்தில் அமைக்கும் டெம்ப்.மவுண்ட் என்ற சிஸ்டம்டி அலகை மாஸ்க் செய்து, அதாவது முடக்கி, மறுதொடக்கம் செய்தால் /டெம்ப் மீண்டும் தட்டுக்கே வந்துவிடும் என்று நிர்வாகிகள் அறிவார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, பழக்கம் மாறாமல் இடம் மட்டும் மாறும். மேம்படுத்துகிற அன்றைக்கே பயனர்களிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், வெளியீட்டுக் குறிப்பை அவர்கள் படிக்கப்போவதில்லை.

அந்தக் கோவில் சர்வரில் குழுவினர் அனைவரும் எழுதக்கூடிய தனிக் கோப்புறை ஒன்றை அமைத்து, இரவுதோறும் வெளித்தட்டுக்கு நகல் போகும்படி செய்திருக்கிறேன். ஏட்டை மறுபடி ஒருமுறை இரவல் தர முடியுமா என்று கேட்டுப் பெரியவர் ரீயூனியனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.