ஆப் ஒன்று, கடை இரண்டு: அப்டேட் ஏன் அடம்பிடிக்கிறது?

எஃப்-டிராய்டு என்கிற திறமூல ஆப் கடையில் இருந்து இறக்கிய டெர்மக்ஸ் ஆப்பை (போனில் லினக்ஸ் கட்டளைகளை இயக்க உதவுவது) பிளே ஸ்டோர் வழியாக அப்டேட் செய்ய முடியவில்லையே, இரண்டும் ஒன்றுதானே என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். ‘கேஷை அழி, போனை ரீஸ்டார்ட் செய்’ என்று அவருக்குப் பல பரிகாரங்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. பலிக்கவும் பலிக்காது.

பழைய ஆப்பின் மேல் புதியதை ஏற்ற ஆண்ட்ராய்டு மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. உள்பெயர் (ஆப்பை ஆண்ட்ராய்டு அடையாளம் காணும் பெயர்) ஒன்றாக இருக்க வேண்டும், பதிப்பு எண் குறையக் கூடாது. இவை சாதாரணம். மூன்றாவது, டிஜிட்டல் கையொப்பம். ஆப்பைத் தயாரித்தவர் தன் ரகசியச் சாவியால் அதில் கையொப்பமிடுகிறார். அதற்கு ஜோடியான பொதுச் சாவியை வைத்து யாரும் அதைச் சரிபார்க்கலாம். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது.

சரி, அந்தப் பொதுச் சாவி போனுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கிறது! இணையதளங்களுக்குச் சான்று கொடுக்கத் தனி அமைப்புகள் உண்டு. இங்கே ஆப் தனக்குத் தானே சான்று கொடுத்துக்கொள்கிறது. கேட்டால் மோசடி போலத் தோன்றும். ஆனால் ‘நீ யார்?’ என்று போன் கேட்பதே இல்லை. ‘முதலில் வந்தவன் நீதானா?’ என்று மட்டும்தான் கேட்கிறது. முதல் நாள் வந்தவரிடம் அடையாள அட்டை கேட்காமல் கைரேகையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாளில் இருந்து ரேகை பொருந்தினால்தான் கதவைத் திறக்கும் வாட்ச்மேன் மாதிரி. இவ்வளவு சிக்கனமான பாதுகாப்பு ஏற்பாடு கணினி உலகில் அபூர்வம் என்பேன்.

இவ்வளவு கறார் எதற்கு? ஒவ்வொரு ஆப்பின் தரவும் தனியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. அப்டேட்டாக வருவது அதை அப்படியே சுவீகரித்துக்கொள்ளும். கையொப்பம் பார்க்காவிட்டால், உங்கள் வங்கி ஆப்பின் உள்பெயரோடு எவனோ செய்த போலி ஒன்று உள்ளே புகுந்து எல்லாவற்றையும் படித்துவிடும்.

2010இல் தொடங்கிய எஃப்-டிராய்டு, பெரும்பாலும் ஆப்பின் மூல நிரலை வாங்கித் தானே கம்பைல் செய்து, அதாவது போனில் ஓடும் ஆப்பாக மாற்றி, தன் சாவியால் கையொப்பமிடுகிறது. பிளே ஸ்டோரிலோ, 2021 ஆகஸ்ட் முதல் புதிய ஆப்களின் கையொப்பச் சாவி கூகுளிடம் இருந்தாக வேண்டும். நிரல் ஒன்றாகவே இருந்தாலும் சாவி வேறு.

எஃப்-டிராய்டு கம்பைல் செய்ததும் டெவலப்பர் வெளியிட்டதும் பைட் பிசகாமல் ஒத்துப்போனால், டெவலப்பரின் கையொப்பத்தோடே வெளியிடும் வழியும் உண்டு. நேரமுத்திரை, கோப்பு வரிசை என்று ஒவ்வொன்றாகச் சீர்செய்யும் சலிப்பான வேலை அது. பெரும்பகுதி தன்னார்வலர்கள் தலையில் விழுகிறது. அரசுப் பணம் இதற்கல்லவா போக வேண்டும்?

சாவி ஒன்றாகிவிட்டால் அப்புறம் வேறு சண்டை: யார் அப்டேட் செய்வது? ஆண்ட்ராய்டு 14இல், முதலில் நிறுவிய கடை அப்டேட் உரிமையைக் கோரிக்கொள்ளலாம். வேறு கடை கை வைத்தால் போன் உங்களிடம் அனுமதி கேட்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போனோடு சேர்ந்தே வரும் கடைக்குத்தான் லாபம் அதிகம் என்பது என் சந்தேகம்.

டெர்மக்ஸுக்கு வருவோம். கடை மாற வேண்டுமானால் பழையதை நீக்கித்தான் ஆக வேண்டும். நீக்கினால் உள்ளே எழுதி வைத்த கோப்புகளும் போய்விடும், முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள். டெர்மக்ஸின் துணை ஆப்கள் அதனோடு ஒரே பயனர் எண்ணை (ஆப்களின் தரவைப் பிரித்துப் பூட்ட ஆண்ட்ராய்டு தரும் எண்) பகிர்ந்துகொள்வதால் அவற்றுக்கும் அதே சாவி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்குங்கள்.