நனைந்த பூமூட்டையும் கசிந்த கடவுச்சொல்லும்

தோவாளை பூச்சந்தையில் விடியற்காலையில் பிச்சி வாங்க வரும் வியாபாரி, மூட்டையின் மேலாகப் பார்த்து விலை பேசமாட்டார். கையை அடிவரை விட்டு ஒரு பிடி அள்ளுவார். கை நனைந்தால் தண்ணீருக்கும் சேர்த்து விலை சொல்கிறார்கள் என்று அர்த்தம். அடியில் நேற்றைய பூ கிடந்தால் பேச்சே இல்லை.

'பல நூறு கோடி கடவுச்சொற்கள் கசிந்தன' என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வரும்.

2019 ஜனவரியில் 'கலெக்‌ஷன் 1' என்றொரு குவியல் வெளியானது. மின்னஞ்சலும் கடவுச்சொல்லுமாக மொத்தம் 269 கோடி வரிகள். ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வாளர் டிராய் ஹன்ட் அதைக் கொட்டிப் பிரித்தார். ஒரே மின்னஞ்சலும் ஒரே கடவுச்சொல்லும் திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்தால் மிஞ்சியது 116 கோடி ஜோடி. முகவரிகளை மட்டும் எண்ணினால் 77 கோடி. அதிலும், பழைய கசிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் அவருடைய தளத்தில் அதுவரை இல்லாதவை சுமார் 14 கோடிதான். ஒருவர் தொகுத்ததை இன்னொருவர் தன் குவியலோடு கலந்து, புதுப்பெயர் வைத்து விடுகிறார். தண்ணீர் தெளிப்பது இப்படித்தான்.

2024-இல் வந்த 'ராக்யூ2024' இன்னும் பெரிது, ஏறத்தாழ 995 கோடி வரிகள். ஆனால் எது யாருடையது என்ற விவரமே கிடையாது. எந்த வீட்டுக்கென்று தெரியாத சாவிக்கொத்து.

சரி, பெயரும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கடவுச்சொல் எந்த வடிவில் கிடக்கிறது? பொறுப்பான தளம் அதை அரைத்து 'ஹாஷ்', அதாவது அடையாளம் தெரியாத எழுத்துத் தொடர், ஆக்கித்தான் வைக்கும். மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. அதனால் திருடன் தன்னிடமுள்ள சொற்களை ஒவ்வொன்றாக அரைத்து, எது ஒத்துப்போகிறது என்று பார்ப்பான். 'பிகிரிப்ட்' என்ற ஹாஷ் முறை மெதுவாக அரைக்கும், அவன் பொறுமை போய்விடும். 'எஸ்ஹெச்ஏ-1' என்ற முறை அதிவேகம். அரைக்கும் முன் ஆளுக்கொரு 'உப்பு', அதாவது தனித்தனி எழுத்துத் தொடர், சேர்க்காவிட்டால் ஒரே கடவுச்சொல் எல்லோருக்கும் ஒரே மாவாகும். ஒன்று உடைந்தால் அத்தனையும் உடையும். 2012-இல் லிங்க்ட்இன்னில் திருடுபோனவை அப்படி உப்பில்லாதவை. 2016-இல் 11.7 கோடிக் கணக்குகள் கடவுச்சொல் ஹாஷோடு விற்பனைக்கு வந்தன. நாலு வருடப் பழசுதான், ஆனால் கடவுச்சொல்லை மாற்றாமலே இருந்தவர்களுக்கு அது அன்று பறித்த பூ.

இப்போதெல்லாம் என்னைப் பயமுறுத்துவது சின்னக் கோப்புகள்தான். கணினியில் புகுந்த திருட்டு மென்பொருள், உள்நுழைந்த நிலையிலேயே இருக்கும் கணக்கின் குக்கீயை, அதாவது 'இவர் ஏற்கெனவே நுழைந்தவர்' என்று தளத்துக்குச் சொல்லும் சின்னக் கோப்பை, எடுத்துவிடும். அதை வைத்து, கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்காமலே பல தளங்களில் நுழையலாம். ஆனால் அதற்கு ஆயுசு கம்மி. 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்று அழுத்தினால் பெரும்பாலும் செத்துவிடும், உச்சி வெயிலில் விட்ட பிச்சி மாதிரி.