குழந்தைக்கு எந்த சன்ஸ்கிரீன்? வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

மார்ச் பிறந்துவிட்டால் போதும், தோல் மருத்துவரான என்னிடம் பெற்றோர் கேட்கும் கேள்வி இதுதான்: "டாக்டர், பாப்பா வெயில்ல கறுத்துட்டா. எந்த சன்ஸ்கிரீன் போடலாம்?" பாப்பாவுக்கு எத்தனை மாதம் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

ஆறு மாதம் நிறையவில்லை என்றால் க்ரீம் வேண்டாம். அந்த வயதில் தோல் மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் பெரியவர்களைவிட அதிகம். அதனால் பூசுவது எதுவானாலும் உடம்புக்குள் போகும் அளவு கூடும். நிழலும், முழுக்கை வைத்த மெல்லிய பருத்திச் சட்டையும், காதையும் கழுத்தையும் மறைக்கும் தொப்பியும் போதும். வெயில் படக்கூடாது என்று கனமான டவலில் சுற்றி டூ வீலரில் கூட்டிப்போகிறார்கள். அது வெயிலைவிட ஆபத்து. குழந்தையின் உடம்பு சூடாகிவிடும்.

இன்னொன்று, பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று பாட்டிமார் சொல்வார்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியின் அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் நீல விளக்கில் வைப்பதே சிகிச்சை.

ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு, துணி மறைக்காத இடங்களில் மட்டும் க்ரீம் பூசலாம். கடையில் டப்பாவின் முன்பக்கத்தில் 'பேபி', 'நேச்சுரல்', 'மூலிகை' என்று எது எழுதியிருந்தாலும் சரி, பின்பக்கம் திருப்புங்கள். பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானங்களில் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்ற இரண்டில் ஒன்றோ இரண்டுமோ இருக்க வேண்டும். இவை பெரும்பாலும் தோலின் மேலேயே தங்குபவை. எரிச்சலும் ஒவ்வாமையும் குறைவு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் வெளியிட்ட வரைவு விதியில், பாதுகாப்பானவை என்று ஏற்கப் போதிய சான்று உள்ளவையாகச் சொன்னது இந்த இரண்டை மட்டும்தான். சன்ஸ்கிரீன்களில் சேர்க்கும் ஆக்சிபென்சோன், அவோபென்சோன் உள்ளிட்ட வேறு 12 பொருட்களுக்கு இன்னும் தரவு வேண்டும் என்றது. அவற்றில் பல ரத்தத்தில் கலப்பதும் தெரியவந்திருக்கிறது. கலப்பதாலேயே கெடுதல் என்று ஆகிவிடாது. ஆனால் நல்ல மாற்று கையில் இருக்கும்போது, சின்னக் குழந்தைக்கு எதற்கு அந்தச் சந்தேகம்?

வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண்தான் எஸ்.பி.எஃப். (SPF). அது 30 இருந்தால் போதும். தோலைச் சுடும் புற ஊதா பி கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. இந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டை விலை கொடுக்க வேண்டாம். புற ஊதா ஏ கதிருக்கு, பி.ஏ. (PA) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கிறதா என்று பாருங்கள். வாசனை சேர்த்தது வேண்டாம். மூச்சில் போகும் என்பதால் ஸ்பிரேயும் வேண்டாம்.

ஜிங்க் க்ரீமில் ஒரு சங்கடம் உண்டு. நம் பிள்ளைகளின் மாநிறத்தில் அது விபூதி பூசியதுபோலத் தெரியும். அதற்காகத் துளியூண்டு எடுத்துத் தேய்த்துவிடுகிறார்கள். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப்., ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. லேசாகத் தடவினால் அந்தப் பலன் கிடைக்காது. வெள்ளையாகத் தெரிந்தால் தெரியட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்த்தாலும், நீச்சல் குளத்திலிருந்து ஏறினாலும் மறுபடி பூச வேண்டும். விரல் சூப்பும் குழந்தைக்குக் கையில் பூசாதீர்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

சரி, கறுத்துப்போவது? அது நோயே இல்லை. வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் தோல் செய்யும் வேலை அது. சன்ஸ்கிரீன் போட்டால் குழந்தை சிவப்பாகாது. நிறத்துக்காக மெடிக்கலில் கேட்டு வாங்கும் சில க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும், சிலவற்றில் பாதரசம்கூட இருக்கும். தயவுசெய்து அவற்றைக் குழந்தையின் முகத்தில் வைக்காதீர்கள். கன்னத்தில் வெளுத்த திட்டாக வரும் வெளிர்தேமலுக்கும் பயப்பட வேண்டாம். சுற்றியுள்ள தோல் கறுக்கும்போது அது எடுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். வயிற்றுப் பூச்சி மருந்தும் கால்சியம் டானிக்கும் அதற்குத் தேவையில்லை. மாய்ஸ்சரைசரும் வெயிலில் தொப்பியும் போதும், மெல்ல மறையும். வீட்டு வைத்தியம் என்று எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் விட்டால் தோல் வெந்து கொப்புளமே வரலாம்.

சென்னையில் ஏப்ரல், மே நண்பகலில் புற ஊதாக் குறியீடு, அதாவது அந்தக் கதிரின் கடுமையைச் சொல்லும் எண், 11-ஐத் தாண்டுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சப் பிரிவு. 3 வந்தாலே பாதுகாப்பு வேண்டும். நிழல் குழந்தையின் உயரத்தைவிடக் குட்டையாக விழுந்தால் உள்ளே கூப்பிட்டுவிடுங்கள். காலையிலும் மாலையிலும் தாராளமாக விளையாடட்டும்.

சில நிமிட வெயிலுக்கே வீறிட்டு அழுகிற குழந்தை, வெளிச்சத்தில் கண் திறக்க முடியாத குழந்தை, இரண்டு வயதுக்குள்ளேயே முகத்தில் பொட்டுப் பொட்டாகக் கரும்புள்ளி வருகிற குழந்தை, இவர்களுக்கு க்ரீம் தேடி நாளைக் கடத்த வேண்டாம். ஜீரோடெர்மா பிக்மென்டோசம் போன்ற அரிய மரபு நோயாக இருக்கலாம். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல். அந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை பகலில் வெளியே விடாதீர்கள்.