பிரிட்டனில் வேலையிடத்தில் இனப் பாகுபாடு: சட்டம் தருவது என்ன, எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும்

பிரிட்டனில் வேலை பார்க்கும் நம்மவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் பலர் சொல்வது, "விடுங்க, பொழைக்க வந்த இடத்துல இதையெல்லாம் பெருசுபடுத்த முடியுமா" என்பதுதான். விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம். ஆனால் சட்டம் என்ன தருகிறது, எத்தனை நாளுக்குள் தருகிறது என்று தெரிந்துகொண்டு அந்த முடிவை எடுங்கள். ஆறேழு மாதம் பொறுத்துப் பார்த்து, வேலையும் போய், மனமும் நொந்த பிறகு "இப்போ ஏதாவது செய்யலாமா" என்று கேட்டால், அதற்குள் கெடு முடிந்துபோயிருக்கும். நியாயம் உங்கள் பக்கம் முழுசாக இருந்தும் தேதி தவறியதால் கைவிட்டுப் போகிற வழக்குதான் என்னை அதிகம் வருத்துகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தின் பெயர் ஈக்வாலிட்டி ஆக்ட் 2010. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் இதுதான். வட அயர்லாந்துக்கு 1997-இல் வந்த தனி ஆணை இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் கீழே வரும் நடைமுறைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பாதுகாப்பு சும்மா கிடைத்ததும் இல்லை. 1963-இல் பிரிஸ்டலில் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பேருந்து ஓட்டுநர், நடத்துநர் வேலைக்கு எடுக்கவே மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மக்கள் மாதக்கணக்கில் பேருந்தைப் புறக்கணித்த பிறகுதான் அது மாறியது. 1965-இல் வந்த முதல் இன உறவுச் சட்டம்கூட வேலை என்ற விஷயத்தைத் தொடவில்லை. 1968-இல்தான் வேலையும் வீடும் அதற்குள் வந்தன.

இந்தச் சட்டத்தில் இனம் என்றால் நிறம், குடியுரிமை, எந்த இனவழியில் வந்தவர், எந்தத் தேச வழியில் வந்தவர் என எல்லாமே அடங்கும். நிறத்துக்காக ஒதுக்கினாலும் சரி, இலங்கைக்காரர் என்பதற்காக ஒதுக்கினாலும் சரி, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் மனைவியோ நண்பரோ இன்ன இனம் என்பதற்காக உங்களைக் குறிவைத்தாலும், உங்களை வேறு ஏதோ இனம் என்று தப்பாக நினைத்துக் குறிவைத்தாலும் பாதுகாப்பு உண்டு. பாகுபாடு காட்டியவரும் உங்கள் இனத்தவர்தான் என்பது தப்பிக்கும் வழியாகாது. சாதி இந்தச் சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை, சேர்க்கும் திட்டத்தை அரசு 2018-இல் கைவிட்டுவிட்டது. ஆனாலும் சில சூழ்நிலைகளில் சாதியும் இனவழி என்பதற்குள் வரலாம் என்று வேலை வழக்குகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014-இல் சொல்லியிருக்கிறது. தமிழ் முதலாளியிடம் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

இன்னொரு பெரிய குழப்பம்: "நான் சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுது, எனக்கு உரிமை இருக்குமா?" இருக்கிறது. பணிநீக்கம் முறையற்றது என்று வழக்குப் போடத்தான் இத்தனை காலம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, பாகுபாட்டுக்கு அப்படி ஒன்றுமில்லை. முதல் நாளே பொருந்தும், வேலைக்கு விண்ணப்பித்து நேர்முகத்தில் நிற்பவருக்கும் பொருந்தும். ஏஜென்சி மூலம் வந்தவர், ஷிப்ட் உறுதியில்லாமல் கூப்பிடும்போது போகிறவர் எல்லாருக்கும்தான்.

சட்டம் நான்கு விதமான தவறுகளைப் பிரித்துச் சொல்கிறது. நேரடிப் பாகுபாடு எளிது: அதே நிலையில் இருக்கும் வேறு இனத்தவருக்குக் கிடைத்தது இனத்தின் காரணமாக உங்களுக்குக் கிடைக்கவில்லை. மறைமுகமானது, எல்லாருக்கும் ஒரே விதி என்று வைத்து அது ஒரு சாராரை மட்டும் அதிகமாக அடிப்பது. உதாரணமாக, இடைவேளையில்கூட ஆங்கிலம் தவிர எதுவும் பேசக்கூடாது என்ற விதி. நோயாளி முன்னால் நின்று வேறு மொழியில் பேசாதே என்பதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் ஓய்வறையில் இரண்டு பேர் தமிழில் பேசுவதைத் தடுக்க என்ன நியாயமான தேவை என்று முதலாளி காட்டியாக வேண்டும்.

மூன்றாவது, துன்புறுத்தல். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இனத்தோடு தொடர்புடைய, நீங்கள் விரும்பாத ஒரு நடத்தை உங்கள் கண்ணியத்தைக் குலைக்கிறது, அல்லது வேலையிடத்தையே மிரட்டலான, அவமானமான இடமாக்குகிறது என்றால் அது துன்புறுத்தல். செய்தவரின் நோக்கம் அதுவாக இருக்க வேண்டியதில்லை, விளைவு அதுவாக இருந்தாலே போதும். மதியச் சாப்பாட்டைத் திறக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக் காட்டுவது, பெயரைச் சொல்லத் தெரிந்தும் வேண்டுமென்றே சிதைத்துக் கூப்பிடுவது, மீட்டிங்கில் உங்கள் உச்சரிப்பைப் பேசிக்காட்டிச் சிரிப்பது எல்லாம் இதில் வரலாம். ஒருவரின் உச்சரிப்பைப் பற்றிய பேச்சு இனத்தோடு தொடர்புடைய துன்புறுத்தலாகலாம், பேசியவர் மனதில் இனக்காழ்ப்பு இருந்ததென்று காட்ட வேண்டியதில்லை என்று 2024-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தெளிவாகவே சொன்னது. "சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்" என்பது அதனால் பதிலே ஆகாது. அதேசமயம் நீங்கள் வருத்தப்பட்டீர்கள் என்பது மட்டும் போதாது. சூழ்நிலையைப் பார்த்து, அது அப்படிப் புண்படுத்தியது நியாயம்தானா என்றும் தீர்ப்பாயம் பார்க்கும். கடுமையான சம்பவமாக இருந்தால் ஒரே ஒரு தடவை நடந்ததுகூடப் போதும்.

நான்காவது பழிவாங்கல். புகார் கொடுத்ததற்காகவோ, இன்னொருவருக்குச் சாட்சி சொன்னதற்காகவோ உங்கள் ஷிப்ட் அட்டவணையை (ரோட்டா) கெடுப்பது, ஓவர்டைம் தராமல் விடுவது, திடீரென்று வேலை சரியில்லை என்று நோட்டீஸ் நீட்டுவது. மூலப் புகார் நிரூபணமாகாமல் போனாலும், நீங்கள் நல்லெண்ணத்தோடு கொடுத்திருந்தால் பழிவாங்கல் தனிக் குற்றச்சாட்டாக நிற்கும். சாட்சி சொல்லப் பயப்படும் சக ஊழியரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள், அவருக்கும் அதே பாதுகாப்பு உண்டு.

சரி, செய்தது சக ஊழியர், கம்பெனி என்ன செய்யும்? வேலை தொடர்பாக ஊழியர் செய்ததற்கு முதலாளியே பொறுப்பு, தெரியாது என்று சொன்னாலும். தடுக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தோம் என்று காட்டினால் மட்டும் தப்பிக்கலாம். 1990-களில் ஒரு தொழிற்சாலையில் 16 வயதுப் பையனை இனப்பெயர் சொல்லித் திட்டி, சூடான ஸ்க்ரூடிரைவரால் கையைச் சுட்டார்கள். அது வேலையின் பகுதி இல்லையே, நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம் என்று முதலாளி வாதாடினார். அந்த வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் தூக்கி எறிந்தது, இன்றுவரை அதுதான் வழிகாட்டி. கேர் ஹோமில் இருப்பவரோ அவர்கள் உறவினரோ கேவலமாகப் பேசும்போது முதலாளியைப் பொறுப்பாக்குவது இதுவரை கஷ்டமாக இருந்தது. 2025 டிசம்பரில் சட்டமான வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் அந்த ஓட்டையை அடைக்கிறது, ஆனால் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்த பிறகு நடப்பவற்றுக்கே அது பொருந்தும்.

இனி முக்கியமான விஷயம், தேதி. சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. மார்ச் 10 அன்று நடந்தால் ஜூன் 9-தான் கடைசி நாள். அதற்குள் தீர்ப்பாயத்துக்கே போயிருக்க வேண்டியதில்லை, ஆனால் வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் (Acas) அமைப்பிடம் சமரசப் பேச்சுக்குப் பதிவாவது செய்திருக்க வேண்டும். அது இல்லாமல் வழக்கை ஏற்கவே மாட்டார்கள். பதிந்த நாள் முதல், சமரசப் பேச்சு முடிந்ததென்று ஏகாஸ் தரும் சான்றிதழ் வரும் நாள் வரை கடிகாரம் நிற்கும், சான்றிதழ் வந்த பிறகும் குறைந்தது ஒரு மாதம் கையில் இருக்கும். மேலே சொன்ன 2025 சட்டம் இந்த மூன்று மாதத்தை ஆறாக்குகிறது. உங்கள் சம்பவத்துக்கு அது பொருந்துகிறது என்று ஏகாஸ் வாயால் கேட்கும் வரை மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்குள் கொடுக்கும் புகார் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது! எச்ஆர் "விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்" என்று மரியாதையாகவே பதில் போட்டுக்கொண்டிருப்பார்கள், விசாரணை முடிவதற்குள் மூன்று மாதம் முடிந்துவிடும். இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள். தொடர்ச்சியாக நடந்த துன்புறுத்தல் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கிடலாம், தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் தீர்ப்பாயம் மன்னிக்கவும் செய்யலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

உள்புகாரை எழுத்தில் கொடுங்கள், அதில் "இனத்தின் காரணமாக" என்று பளிச்சென்று எழுதுங்கள். "என்னைச் சரியாக நடத்தவில்லை" என்று மட்டும் பொதுவாக எழுதினால் பின்னால் பழிவாங்கல் என்று சொல்லும்போது அடித்தளம் இருக்காது. புகார் மீதான கூட்டத்துக்கு ஒரு சக ஊழியரையோ யூனியன் ஆளையோ கூட்டிப்போக உரிமை உண்டு. சம்பவக் குறிப்பை அன்றைக்கே எழுதிவிடுங்கள், இப்படி: "மார்ச் 10, மதியம் 2.10, இரண்டாம் மாடி ஓய்வறை. ஷிப்ட் லீடர் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்," அப்புறம் அவர் சொன்ன ஆங்கில வார்த்தைகள் அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள். "கேவலமாகப் பேசினார்" என்று சுருக்கினால் மூன்று மாதம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது. இந்தக் குறிப்பை ஆபீஸ் ஈமெயிலில் வைக்காதீர்கள், வேலை போன நிமிடமே அந்தக் கணக்கும் போய்விடும். உங்களைப் பற்றிக் கம்பெனி வைத்திருக்கும் பதிவுகளையும் ஈமெயில்களையும் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி இலவசமாகக் கேட்கலாம், வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

ஆதாரம் முழுசாக வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். "நான் இனவெறியால் செய்தேன்" என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள் என்பது சட்டத்துக்கும் தெரியும். பாகுபாடு நடந்திருக்கலாம் என்று நினைக்கவைக்கும் உண்மைகளை நீங்கள் காட்டினால், இல்லை என்று நிரூபிக்கும் சுமை முதலாளி மேல் போய்விடும்.

விசா பயம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வழக்குப் போட்டதற்காக விசாவை ரத்து செய்யும் விதி எதுவும் இல்லை. வேலை செய்ய அனுமதி இல்லாதிருந்த ஒரு பெண்ணுக்குக்கூட இனப் பாகுபாட்டு வழக்கு நடத்த உச்ச நீதிமன்றம் 2014-இல் இடம் கொடுத்தது. ஆனால் உண்மையான ஆபத்து வேறு: வேலை போனால் ஸ்பான்சர், அதாவது உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி, அதை உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிப்பார், அதன்பின் வழக்கமாக 60 நாள்தான் கிடைக்கும், வழக்கு நடக்கிறது என்பதற்காக அது நீளாது. அதனால் கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள், முதலில் வேறு ஸ்பான்சரைத் தேடத் தொடங்குங்கள். இன்னொன்று, விசாவைக் காட்டி மிரட்டிச் சுரண்டுவது மட்டும் இனப் பாகுபாடு ஆகாது என்று 2016-இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. கசப்பான தீர்ப்பு, ஆனாலும் நடப்பில் இருப்பது அதுதான். எனவே புகாரில் விசா மிரட்டலோடு நிற்காமல் இனத்தைத் தொட்ட பேச்சு, வேறு இனத்தவருக்குக் கிடைத்த வித்தியாசமான நடத்தை ஆகியவற்றையும் தனியாக எழுதுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, வழக்குப் பதியக் கட்டணம் இல்லை. 2013-இல் கொண்டுவந்த கட்டணத்தை 2017-இல் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று நீக்கிவிட்டது. தோற்றாலும் பொதுவாக எதிர்த்தரப்பின் செலவை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. வீட்டுக் காப்பீட்டில் சட்டச் செலவுக்கான பகுதி இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள், பலர் அது இருப்பதே தெரியாமல் வக்கீலுக்குக் கைக்காசைக் கொடுக்கிறார்கள். வருமானம் குறைவென்றால் பாகுபாட்டு வழக்குக்கு அரசின் சட்ட உதவியும் உண்டு. ஏகாஸ் உதவி எண் 0300 123 1100, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் கிளைகளிலும் கேட்கலாம்.

ஜெயித்தால் இழந்த சம்பளத்தோடு மன வேதனைக்கும் ஈடு உண்டு, மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. 2025 ஏப்ரல் 6 முதல் பதிவான வழக்குகளுக்கு மன வேதனைக்கான அளவு, லேசானவற்றில் 1,200 பவுண்டில் தொடங்கி, மிகக் கடுமையானவற்றில் 60,700 வரை மூன்று அடுக்காக இருந்தது. பெரிய தொகையை மனதில் வைத்து இறங்காதீர்கள், கீழ் அடுக்கில் முடியும் வழக்குகளும் உண்டு.

பேச்சுவார்த்தையில் பணம் தருகிறோம் என்றால் முன்னால் நீட்டும் ஒப்பந்தத்தை அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டாம். கம்பெனி நேரடியாகத் தரும் ஒப்பந்தம் என்றால் சுதந்திரமான சட்ட ஆலோசனை பெற்றால்தான் அது செல்லும், அந்த ஆலோசனைச் செலவைக் கம்பெனியிடமே கேட்பது வழக்கம். ஏகாஸ் மூலம் முடிப்பதில் அந்த நிபந்தனை இல்லை, வாயால் ஒப்புக்கொண்டாலே கட்டுப்படுத்திவிடும், அதனால் போனில் சரி என்று சொல்வதற்கு முன் யோசியுங்கள். எந்த வழியாக இருந்தாலும் ரெஃபரன்ஸ் கடிதத்தில் என்ன எழுதப்போகிறார்கள் என்ற வாசகத்தையும் ஒப்பந்தத்துக்குள்ளேயே சேர்க்கச் சொல்லுங்கள், அடுத்த முதலாளி கேட்கப்போவது அதைத்தான்.