கிளட்ச் பெடலில் அந்த இரண்டு சென்டிமீட்டர்

இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். காலால் வேண்டாம், கைக்குத்தான் சரியாகத் தெரியும். முதலில் கொஞ்சதூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் லேசாக இறங்கும், அப்புறம் ஓர் இடத்தில் சட்டென்று கனக்கும். சும்மா இறங்குகிற அந்தத் தூரத்தைத்தான் மெக்கானிக்குகள் ஃப்ரீ ப்ளே என்கிறார்கள். மாருதி 800, ஆல்டோ மாதிரி கேபிள் கிளட்ச் உள்ள சின்ன கார்களில் சுமார் 2 சென்டிமீட்டர் இருக்கும் (உங்கள் காருக்கான சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள்). என்னைக் கேட்டால், கிளட்சின் ஆயுள் பாதி இந்த அளவில்தான் இருக்கிறது.

இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சக்கரமோ சிக்னலில் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிரிப்பதுதான் கிளட்சின் வேலை. இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் ப்ளேட்டுக்கும் நடுவில், இரண்டு உள்ளங்கைக்குள் அழுத்திய சப்பாத்தி மாதிரி, கியர்பாக்ஸ் வழியாகச் சக்கரத்தைச் சுழற்றும் கிளட்ச் ப்ளேட் மாட்டிக்கொண்டிருக்கும். அழுத்திப் பிடிப்பது டயஃப்ரம் ஸ்பிரிங், அதாவது நடுவில் விரல் விரலாக வெட்டிவிட்ட வட்டமான எஃகுத் தகடு. பெடலை மிதித்தால் கேபிள் இழுக்கும், அதனால் நகரும் ரிலீஸ் பேரிங் என்ற வளையம் அந்த விரல்களை உள்ளே தள்ளும், சீசா பலகையில் ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறுவதுபோல வெளிவிளிம்பு பின்வாங்கும், பிடி விட்டுவிடும்.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதற்கு அடுத்த விஷயத்தைத்தான். தேய்ந்தால் பெடல் லூசாகும் என்று நினைப்போம். ப்ளேட் தேய்ந்தால் நடப்பது நேர்எதிர். ப்ளேட் மெலிய மெலிய பிரஷர் ப்ளேட் ஃப்ளைவீலை நோக்கி நகரும், அதே சீசா கணக்கில் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கம் வந்து ரிலீஸ் பேரிங்கை முட்டும், ஃப்ரீ ப்ளே குறைந்துகொண்டே போய் ஒருநாள் பூஜ்யமாகும். அப்புறம் நீங்கள் காலை எடுத்தாலும், பெடலில் யாரோ லேசாகக் கால் வைத்திருப்பது போலத்தான். பிடி முழுதாக விழாது, ப்ளேட் வழுக்கும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எனக்கு இது நடந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் இரைச்சல் மட்டும் கூடுகிறது, வண்டி நகர மறுக்கிறது, கூடவே கருகல் வாசனை. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு, மெல்ல இறங்கி வந்து காட்டினேன். மெக்கானிக் பெடலைக் கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார், ஃப்ரீ ப்ளே துளியும் இல்லை. ப்ளேட்டில் இன்னும் தடிமன் மிச்சமிருந்ததால் கேபிள் நட்டைத் தளர்த்தியதோடு சரியானது.

மேட்டில் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சில், அதாவது பெடலைப் பாதி மிதித்தபடி, வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில் 1000 கிலோ வண்டியை அப்படிப் பிடித்து வைத்தால், ப்ளேட்டில் சுமார் 2 கிலோவாட் வெப்பம் உண்டாகும். 1000 வாட் இஸ்திரிப்பெட்டி இரண்டை, சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதான ஒரு ப்ளேட்டின் மேல் வைத்த மாதிரி. ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது?

கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால், கேபிள் நட்டைத் திருகும் இந்த அட்ஜஸ்ட்மெண்ட் பெரும்பாலும் தேவைப்படாது, தேய்மானத்தை ஆயிலே ஈடுகட்டிவிடும். ஆனால் அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று புகுந்திருக்கலாம்.

சந்தேகம் வந்தால் சமதரையில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, நாலாவது கியரில் போட்டுக் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் பிடி நன்றாக இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது, சட்டென்று கிளட்சை மிதித்துவிடுங்கள். இந்தச் சோதனையே ப்ளேட்டைச் சூடாக்கும் என்பதால் ஒருமுறை போதும்.

ரிவர்ஸ் போடும்போது கர்ரென்று பல் உரசும் சத்தம் வந்தால் பெரும்பாலும் ஃப்ரீ ப்ளே அதிகம், கேபிள் நீண்டிருக்கும், நட்டை இறுக்க வேண்டும். வழுக்கினால் தளர்த்த வேண்டும். எதுவானாலும் அரைச்சுற்று திருகி, பெடலைப் பத்துமுறை மிதித்துவிட்டு, ஸ்கேலை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அளவு சரியாக நின்ற பிறகு, அந்த நட்டு நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்குங்கள்.